பொடிக்கல் குச்சியில் நிற்கவில்லையா? எந்தப் பக்கம் கழன்றது என்று முதலில் பாருங்கள்

6 மி.மீ. கல்லைப் பட்டை தீட்டிக் கை பழகியவர்கள் முதன்முறையாக 2 மி.மீ. கல்லை எடுக்கும்போது, அதே பசை, அதே சாணைத் தட்டு, அதே வேகம் என்று உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் கல் எங்கோ தெறித்துப் போயிருக்கும். பசை சரியில்லை என்று வேறு பசை வாங்குவார்கள். அதுவும் நிற்காது. மூன்றாவது பசை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பொடிக்கல் கழல்வதற்குப் பசை காரணமாக இருப்பது குறைவு.

ஒரு சின்னக் கணக்கு. 6 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. 2 மி.மீ. வட்டத்துக்கு 3 சதுர மி.மீ. தான். பசை பிடிக்கிற இடம் ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது. கல்லின் எடையோ இருபத்தேழில் ஒரு பங்கு. தட்டில் உரசும்போது வரும் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அந்தக் கல்லுக்கு உடம்பே இல்லை. சூடு நேராகப் பசைக்குப் போகிறது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன.

இங்கே பேசுவது 1.5 முதல் 3 மி.மீ. வரையுள்ள வட்டக் கற்களைப் பற்றி: சிர்கோனியா, செயற்கை மாணிக்கம், கார்னெட், நீலக்கல். திருச்சிப் பக்கம் அரக்குக் குச்சியில் சிர்கோனியா தீட்டிய வீடுகள் எத்தனையோ உண்டு. நானும் என் மாமாவிடம் அரக்கில்தான் பழகினேன், அப்புறம்தான் கோணமும் சுழற்சி எண்ணும் (கல்லை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கான எண்) வைத்துத் தீட்டும் இயந்திரத்துக்கு வந்தேன். அதனால் அரக்கு, சூப்பர் குளூ, எப்பாக்ஸி மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். கல்லை ஒட்டிப் பிடிக்கும் உலோகக் கம்பியைக் குச்சி என்றே சொல்லப்போகிறேன்.

கல் கழன்றதும் செய்ய வேண்டியது

மறுபடி ஒட்டாதீர்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, 10 மடங்கு லென்ஸை எடுத்துக் கல்லின் அடியையும் குச்சியின் முனையையும் பாருங்கள். பசை எங்கே இருக்கிறது? முழுக்கக் குச்சியிலா, முழுக்கக் கல்லிலா, பாதிப் பாதியா? இதைப் பார்க்காமல் துடைத்துவிட்டால், கழன்றதற்கான சாட்சியை நீங்களே அழித்துவிட்டீர்கள். என் மாமா கழன்ற கல்லைக் கையில் வாங்கினால் முதலில் அடியைத்தான் திருப்பிப் பார்ப்பார். அப்போது எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

கல் சுத்தமாக இருக்கிறது, பசை முழுக்கக் குச்சியில்

பசை கல்லைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். அரக்கு என்றால் அநேகமாகக் கல் சூடாகாமல் ஒட்டியிருக்கிறீர்கள். உருகிய அரக்கு குளிர்ந்த கல்லைத் தொட்டதும் மேலாக உறைந்துவிடும். பார்க்க ஒட்டியதுபோல இருக்கும், உண்மையில் பிடிப்பு இருக்காது. குச்சியில் மிஞ்சிய அரக்கு கண்ணாடிபோல வழுவழுப்பாக, கல்லின் அச்சு அப்படியே பதிந்து இருந்தால் இதுதான் காரணம்.

பெரிய கல்லை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டலாம். பொடிக்கல்லை அப்படிக் காட்டினால் ஒன்று கருகும், இல்லை விழும். ஒரு மெல்லிய தகட்டை ஸ்பிரிட் விளக்கின் மேல் வைத்து, கல்லை அதன் மேல் வையுங்கள். ஒட்ட வேண்டிய முகம் மேலே இருக்கட்டும். அதன் மேல் அவலரக்கில் (அவல்போலச் செதிலாக இருக்கும் அரக்கு) ஒரு துணுக்கைக் கிள்ளிப் போடுங்கள். ஊசிமுனை அளவு போதும். அந்தத் துணுக்கு தானாக உருகிக் கல்லின் மேல் எண்ணெய்போலப் பரவியதும் கல் தயார். அந்த நேரத்தில் சூடான குச்சியைத் தொட்டு எடுத்தால் அரக்கும் அரக்கும் கலந்துவிடும். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் கல்லின் முகத்தில் ஒரு பூச்சு கொடுத்துக் காய வைத்தபின் சூடாக்குவது இன்னும் நல்லது.

சிர்கோனியாவுக்கு மட்டும் பொறுமை வேண்டும். அது வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் கல். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்று இருந்தால் விரிசல் விடும். தகட்டோடு சேர்த்து மெல்ல ஏற்றி, மெல்ல இறக்குங்கள். ஓப்பல், டான்சனைட் போன்றவற்றை விளக்குப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றுக்குக் குளிர்ந்த நிலையில் ஒட்டும் பசைதான்.

சூப்பர் குளூவோ எப்பாக்ஸியோ பயன்படுத்தியும் கல் சுத்தமாகக் கழன்றால் எண்ணெய்ப் பிசுக்கைச் சந்தேகப்படுங்கள். வைரப்பொடி குழைத்த எண்ணெய், விரல் எண்ணெய், இடுக்கி முனையில் இருக்கும் எண்ணெய், எதுவும் போதும். கற்களைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றிக் குலுக்கி எடுத்து, இழை உதிராத துணியில் காய வையுங்கள். இடுக்கியின் முனையையும் அசிட்டோனில் துடையுங்கள். இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொரு காரணம், டேபிள் முகத்தை, அதாவது கல்லின் உச்சியில் உள்ள தட்டை முகத்தை, முன்கூட்டியே மெருகேற்றிவிட்டு அதில் ஒட்டுவது. கண்ணாடி முகத்தில் பசைக்குக் கொக்கி போட இடமில்லை. டேபிளை 1200 எண் தட்டில் (எண் கூடக் கூடத் தட்டின் துகள் நுண்மையாகும்) தட்டையாக்கி அப்படியே ஒட்டுங்கள். அதன் மெருகு கடைசியில்.

பசை கல்லோடு வந்துவிட்டது, குச்சி வெறுமையாக இருக்கிறது

இது எளிது. குச்சியின் முனை அழுக்கு, அல்லது வழுவழுப்பு, அல்லது தட்டையாக இல்லை. பித்தளை சும்மா இருந்தாலே மேலே ஒரு படலம் ஏறும். ஒவ்வொரு முறையும் 400 எண் உப்புக் காகிதத்தில் முனையைத் தேய்த்து, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கீறல் போட்டு, அசிட்டோனில் துடைத்து, அதற்கப்புறம் விரலால் தொடாமல் ஒட்டுங்கள். முனை நடுவில் குமிழ்ந்திருந்தால் கல் நடுப்புள்ளியில் மட்டும் உட்காரும். குச்சியைச் சாணைத் தட்டுக்கே செங்குத்தாக நிறுத்தி முனையைத் தட்டையாக்கிக்கொள்ளலாம்.

பசை இரண்டிலும் பாதிப் பாதி

ஒட்டு நன்றாகவே இருந்திருக்கிறது. பசை நடுவில் கிழிந்திருக்கிறது. ஒன்று பசை முற்றவில்லை, இல்லை நீங்கள் அதன் சக்திக்கு மேல் இழுத்துவிட்டீர்கள்.

முதல் காரணத்துக்கு எப்பாக்ஸியை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ ரப்பர்போலவோ இருந்தால் கலவை தவறு. பொடிக்கல்லுக்கு எவ்வளவு பசை வேண்டும், கடுகளவுதானே என்று இரண்டு குழாயிலிருந்தும் கடுகளவு எடுத்துக் கலப்பார்கள். அந்த அளவில் ஒரு துளி கூடினாலே விகிதம் கெட்டுவிடும். ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கலந்து, ஊசிமுனையில் தொட்டு வைத்துவிட்டு, மிச்சத்தை எறிந்துவிடுங்கள். வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடப் பசை என்று அட்டையில் இருப்பது அசையாமல் நிற்க ஆகும் நேரம்தான். பொடிக்கல்லுக்கு இரவு முழுக்க விடுங்கள். கலந்த பசையில் கொஞ்சத்தைக் காகிதத்தில் தனியாக விட்டு வைத்தால், காலையில் கல்லைத் தொடாமலே அதை ஒடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அரக்கு சில்லுச் சில்லாக உதிர்ந்திருந்தால் அது கிழமாகிவிட்டது. அரக்கை மறுபடி மறுபடி காய்ச்சினால் அது இறுகி, உருகும் தன்மையையே இழந்துவிடும். கொப்புளமும் கருமையும் வந்த அரக்கைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள். குளிரூட்டிய அறையிலும் அரக்கு நொறுங்கும்.

இரண்டாவது காரணம்தான் அதிகம். 8 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால், விளிம்பை ஒட்டிய இடம் நொடிக்கு 9 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 3 சதுர மி.மீ. பசை அதைத் தாங்குமா? வேகத்தை 200 சுற்றுக்கு இறக்கி, மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளிக் கல்லை வைத்தால் அது ஒரு மீட்டருக்கும் கீழே வந்துவிடும். 325, 600 எண் தட்டுகளை மறந்துவிடுங்கள். 1200 தட்டிலேயே தொடங்குங்கள். நாலு தொடுதலில் ஒரு பட்டை வந்துவிடும் கல் இது. தட்டில் மேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய கல்லுக்கு அது லேசான அதிர்வு. பொடிக்கல்லுக்குச் சுத்தியல் அடி.

1200-ல் சேர்ந்த பட்டைகள் மெருகில் சேரவில்லை

எனக்கு அதிக நேரத்தைத் தின்ற கோளாறு இது. கல் விழாது, ஆடாது, கையில் பிடித்தால் உறுதியாகவே இருக்கும். ஆனால் முனைகள் ஒன்றுகூடாது. தீட்டுபவர் தன் கண்ணையும் இயந்திரத்தையும் குறை சொல்லிக்கொண்டு மேலும் தீட்டுவார், கல் சிறுத்துக்கொண்டே போகும்.

கல் நகர்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை போதும். முதலில் வெட்டிய பட்டைக்கே திரும்புங்கள். அதே சுழற்சி எண், அதே கோணம். பட்டை முழுக்க மார்க்கர் மை பூசி, தட்டை ஓட்டாமல் கையால் ஒரே ஒரு முறை நகர்த்தித் தொடுங்கள். மை முழுப் பரப்பிலும் ஒன்றுபோல அழிந்தால் கல் நகரவில்லை, கோளாறு வேறெங்கோ. ஒரு மூலையில் மட்டும் அழிந்தால் நகர்ந்துவிட்டது. அடுத்து எதிர்ப்பக்கப் பட்டையிலும் இதையே செய்யுங்கள். எல்லாப் பட்டையிலும் மை ஒரே பக்க மூலையில் அழிந்தால் கல் குச்சியில் சுழன்றிருக்கிறது. அதை இயந்திரத்தின் நுண்திருகால் சரிசெய்து தொடரலாம். ஒரு பக்கத்துப் பட்டைகள் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் தொடாமலும் இருந்தால் கல் சாய்ந்திருக்கிறது. அப்போது தொடராதீர்கள். மறுபடி ஒட்டி, 1200-லிருந்து எல்லாப் பட்டையையும் லேசாகத் தொட்டு வருவதுதான் வழி.

ஏன் நகர்கிறது? சூடு. அவலரக்கு 75, 80 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். சூப்பர் குளூவும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மெருகுத் தட்டில் தண்ணீர் கொட்டுவதில்லை. வைரப்பொடியும் எண்ணெய்த் துளியும்தான். உரசல் சூடு தணிய வழியே கிடையாது. இதில் மாணிக்கமும் நீலக்கல்லும் சிர்கோனியாவைவிட மோசம். கடினம் 9 என்பதால் மெருகு ஏற நேரமாகும். அதோடு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் கற்கள் என்பதால் முகத்தில் பிறந்த சூடு உடனே பசைக்கு வந்துவிடும்.

அதனால் மெருகுக்கு 100, 150 சுற்று போதும். இரண்டு நொடி தொட்டு, எடுத்து, லென்ஸில் பார்த்து, மறுபடி இரண்டு நொடி. நீங்கள் பார்க்கும் அந்த நேரமே கல்லுக்கு ஆறும் நேரம். பித்தளைக் குச்சியும் இங்கே கைகொடுக்கும், இரும்பைவிட வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நீலக்கல் வகைக்கு நான் அரக்கை விட்டே விட்டேன். முற்றிய எப்பாக்ஸிதான்.

பட்டை அலை அலையாக வருகிறது, அளந்த ஆழத்துக்கு வருவதில்லை

பசையைத் தொடாதீர்கள், குச்சியைப் பாருங்கள். 2 மி.மீ. கல்லுக்கு 1.5 மி.மீ. குச்சி வேண்டும். அதைக் கம்பியில் செய்து 25 மி.மீ. நீட்டி வைத்திருப்பார்கள். அது வளைகிறது. தட்டில் வைத்ததும் வளைந்து, எடுத்ததும் நிமிரும். கம்பியின் விறைப்பு அதன் நீளத்தின் மும்மடிக்கு எதிராகப் போகும்: நீளத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு விறைக்கும். 6 மி.மீ. பித்தளைத் தண்டில் துளையிட்டு, மெல்லிய கம்பியை உள்ளே இறக்கிப் பற்றவைத்து, வெளியே 5 மி.மீ. மட்டும் நீட்டி வையுங்கள்.

3 மி.மீ. கல்லுக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி அருமையாகப் பொருந்தும், பெரும்பாலும் 2 மி.மீ. கனத்தில்தான் வரும். மேலே உள்ள முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். செய்த குச்சியை இயந்திரத்தில் மாட்டி, பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். முனை ஆடினால் அந்தக் குச்சி வேண்டாம்.

2 மி.மீ. வர வேண்டிய கல் 1.8-ல் முடிகிறது

மையம் விலகி ஒட்டியிருக்கிறீர்கள். 0.1 மி.மீ. விலகல்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் சுற்றி விளிம்பு வெட்டும்போது விலகிய பக்கத்தில் கிடைக்கும் ஆரம் 0.9 மட்டும், முழு வட்டமும் அதற்கு இறங்கி 1.8 ஆகிவிடும். 10 மி.மீ. கல்லில் இதே தவறை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். பொடிக்கல்லோ வரிசையாகப் பதிக்கப் போகிறது, பத்தர் அதை வாங்கவே மாட்டார். கல்லை 0.3 மி.மீ. கூடுதலாக வைத்துத் தொடங்குங்கள். ஒட்டியதும் லென்ஸின் கீழே குச்சியைச் சுழற்றிப் பார்த்து, பசை இளகி இருக்கும்போதே பல் குத்தும் குச்சியால் நகர்த்துங்கள். சூப்பர் குளூவில் அந்த அவகாசம் கிடைக்காது.

மாற்றி ஒட்டும்போது கெடுகிறது

கல்லின் அடிப்பகுதியான பெவிலியனை வெட்டி முடித்தபின், கல்லைக் கூம்புக் குழிவுள்ள குச்சிக்கு மாற்றி மேல்பாதியான கிரவுனை வெட்ட வேண்டும். நல்ல கல் பல இந்த இடத்தில்தான் வீணாகின்றன.

கூர்முனை உடைந்து வந்தால் குழிவின் கோணம் தவறு. பெவிலியன் 42 பாகை என்றால் அடிமுனையின் முழுக் கோணம் 96. குழிவு 90 பாகையில் இருந்தால் கல் குழிவின் மேல் விளிம்பில் வட்டமாக உட்காரும், முனைக்கு அடியில் கொஞ்சம் இடமிருக்கும். குழிவு 96-ஐவிட அகலக் கோணத்தில் இருந்தால் முனை போய் அடியில் முட்டும், கல் அதன் மேல் ஆடும். குழிவின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

மாற்றிய கல் ஒரு மணி நேரம் கழித்து வழுக்கி நகர்ந்தால், குழிவில் சூப்பர் குளூ ஊற்றியிருப்பீர்கள். அது மெல்லிய படலமாக, காற்றின் ஈரத்தைத் தொட்டு இறுகும் பசை. கனமாக நின்றால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். தட்டை முகத்துக்கு அது சரி, குழிவுக்கு எப்பாக்ஸி.

முதல் குச்சியைப் பிரிக்கும்போது இரண்டும் சேர்ந்து கழன்றால், இரண்டு பக்கமும் ஒரே பசையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். முதலில் அரக்கு, இரண்டாவது எப்பாக்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்பாக்ஸிப் பக்கத்துக் குச்சியில் ஈரத் துணியைச் சுற்றி, அரக்குப் பக்கத்துக் குச்சியைக் கல்லிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிச் சூடாக்குங்கள். அரக்கு இளகியதும் இழுக்காமல் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி எடுங்கள்.

மெருகில் கீறல் விழுந்துகொண்டே இருக்கிறது

குச்சி கல்லைவிட அகலமா என்று பாருங்கள். விளிம்பை வெட்டும்போது குச்சியும் தட்டில் உரசினால் உலோகத் துகள் தட்டில் ஏறிவிடும். கல்லின் முக்கால் பங்கு கனத்துக்கு மேல் குச்சி வேண்டாம். அடுத்து, கல்லைச் சுற்றிப் பிதுங்கி நிற்கும் பசை. 1200 தட்டின் துகள் அதில் புதைந்து, மெருகுத் தட்டு வரை பயணம் செய்யும். மெருகுக்குப் போகும் முன் அந்தப் பிதுக்கத்தைப் பிளேடால் சீவிவிட்டு, பல் துலக்கும் பிரஷால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

கழற்றும்போது ஓரம் சிதறுகிறது

கத்தியால் நெம்பாதீர்கள். சூடான கல்லைத் தண்ணீரில் போடாதீர்கள். அரக்குக்கு ஸ்பிரிட், சூப்பர் குளூவுக்கு அசிட்டோன், மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் புட்டியில் குச்சியோடு தலைகீழாக இரவு முழுக்க. எப்பாக்ஸியையும் அசிட்டோன் நாளாவட்டத்தில் இளக்கும், அவசரப்பட வேண்டாம். ஸ்பிரிட், அசிட்டோன் இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். எண்ணெய் ஏற்றிய மரகதத்தை மட்டும் இந்தப் புட்டிகளில் போடாதீர்கள். விரிசல்களை மறைத்த எண்ணெய் கரைந்து வெளியே வந்துவிடும்.

கல் தெறித்துக் காணாமல் போய்விட்டது

2 மி.மீ. மாணிக்கம் சுமார் 0.04 கேரட், அதாவது 8 மில்லிகிராம். தரையில் தேடுவதற்கு முன் தட்டைச் சுற்றியுள்ள தொட்டியில் தேடுங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும். சேற்றை வழித்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டு அரிசி அரிப்பதுபோல அரியுங்கள். சேறு மிதந்து போகும், கல் தங்கும். சிர்கோனியா தண்ணீரைவிட ஐந்தரை மடங்குக்கு மேல் கனம் என்பதால் இன்னும் சுலபமாகத் தங்கும். கழிவுநீர்க் குழாய் வாயில் ஒரு நைலான் துணியைக் கட்டி வைத்திருந்தால் அங்கேயும் பாருங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். ஒரு பட்டையாவது மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். கிடைத்ததும் மறக்காமல் லென்ஸ் வைத்து அடியைப் பாருங்கள், பசை ஒட்டியிருக்கிறதா என்று.